அடையாறு கடலில் கலந்த நாள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் மந்தைவெளிக்கும் சாந்தோமுக்கும் நடுவில் இருக்கும் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஆசிரியர்கள். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே இந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள். பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால் எங்கள் முன்னோர் பெயர்கள் வரிசையாக வரும். அதனால் சமூக அறிவியலில் சென்னையைப் பற்றிய பாடம் வந்துவிட்டால் எனக்குத் தனித் தெம்பு வந்துவிடும். கரும்பலகையில் ஒரே இழுப்பில் கடற்கரையை வரைவேன். மேலே கூவம், கீழே அடையாறு, இரண்டையும் குறுக்கே வெட்டிப் போகும் பக்கிங்காம் கால்வாய். கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொன்னாலும் வரைவேன். நீல சாக்பீஸால் அடையாற்றை இழுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டுவிட்டுத் திரும்பிக் கேட்பேன், "அடையாறு எங்கே கலக்கிறது?" என்று. "வங்காள விரிகுடாவில்!" என்று வகுப்பே கத்தும். இருபது வருடமாக அதே கேள்வி, அதே பதில்.

அந்த வருடக் காலாண்டுத் தேர்விலும் அந்தக் கேள்வி இருந்தது. இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் நான் சொல்லிக் கொடுத்தபடியே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு சிறுமி மட்டும், "அடையாறு இப்போது கடலில் கலக்கவில்லை" என்று எழுதியிருந்தாள்.

அவள் பட்டினப்பாக்கம் மீனவர் குடியிருப்பிலிருந்து வருபவள். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்பவர். என் வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தான். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கை மேலே போய்விடும். பாதி நேரம் பதில் தப்பாக இருக்கும், அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளையை எந்த ஆசிரியைக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. விடைத்தாள் கொடுக்கும்போது அவள் பதிலை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

"ஏம்மா, கடல்ல கலக்காம ஆறு எங்க போயிடுச்சு? வீட்டுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

மறுபடியும் சிரிப்பு.

"மண்ணு மூடிக்கிச்சு மிஸ். நான் நேத்து அதுமேலதான் நடந்து போனேன்" என்றாள்.

"ஆத்து மேல நடந்தியா? அடேயப்பா!"

அவ்வளவுதான். வகுப்பில் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அவள் விடைத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் கை மேலே வரவே இல்லை. நான் பெயர் சொல்லிக் கேட்டால்கூட, "தெரியல மிஸ்" என்பாள். தெரிந்த கேள்விக்கும் அதே பதில்.

எனக்கு உறுத்தியது. ஆனால் நான் தப்பு செய்துவிட்டேன் என்று தோன்றவில்லை. நேரில் காட்டிப் புரிய வைத்தால் பழையபடி ஆகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எல்லாப் பிள்ளைகளையும் ஆற்றின் கழிமுகத்துக்கு அழைத்துப் போனால் என்ன? பாடத்துக்குப் பாடமும் ஆயிற்று. எங்கள் தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரி. பிள்ளைகள் வெளியே போனால் நல்லது என்று நினைப்பவர். உடனே அனுமதி கொடுத்தார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கழிமுகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அடையாறு பாலத்தின் மேல் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்திருக்கிறேன். கிழக்கே எங்கேயோ கடல் இருக்கும் என்று தெரியும். என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. வேளாங்கண்ணிக்கு வருடா வருடம் போன நான் அங்கே போனதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். இருபத்தாறு பிள்ளைகள், நான், துணைக்கு எங்கள் பள்ளி ஆயாம்மா. முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. நகரத்துக்கு மேற்கே இன்னும் பலமாகப் பெய்ததாகச் சொன்னார்கள். அன்று காலை வானம் வெளுத்திருந்தது. பட்டினப்பாக்கம் வரை பேருந்து, அங்கிருந்து வரிசையாகக் கைகோத்து நடை. குடியிருப்பு வழியாகப் போனபோது வாசலில் துணி துவைத்துக் கொண்டிருந்தவர்களெல்லாம் அந்தச் சிறுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இன்னாடி, மிஸ்ஸ இட்டுனு வந்துட்டியா?" என்று ஒரு பெண் கேட்டார். அவள் தலையைக் குனிந்தபடியே நடந்தாள்.

வீடுகள் முடிந்து மணல் வந்தது. இன்னும் கொஞ்ச தூரம் தெற்கே நடந்ததும் ஆறு தெரிந்தது. நான் கையை நீட்டி, "அதோ பாருங்க…" என்று ஆரம்பித்துவிட்டு, கையை மெல்ல இறக்கினேன்.

ஆறு கடலில் கலக்கவில்லை.

வலது பக்கம் அடையாறு ஓர் ஏரி மாதிரி அசையாமல் நின்றது. இடது பக்கம் கடல். நடுவில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் அகலமாக, நீளமாக மணல் மேடு. யாரோ சைக்கிள் ஓட்டிப் போன தடம்கூட அதன்மேல் இருந்தது. எதிரே பெசன்ட் நகர் கரை. நடந்தே போய்விடலாம்.

பிள்ளைகள் மணலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு பையன் மட்டும் மெதுவாக, "மிஸ், எங்க மிஸ் கலக்குது?" என்று கேட்டான்.

நான் அவளைப் பார்த்தேன். 'நான் சொன்னேன் இல்ல' என்ற பெருமை அவள் முகத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைச் சுருக்கிக்கொண்டு.

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தை மறைப்பதற்காக அடுத்த தப்பைச் செய்தேன். பிள்ளைகளில் சிலர், "மிஸ், அந்தப் பக்கம் வரைக்கும் நடந்து பாக்கலாமா?" என்று கேட்டதும், "சரி, பாதி வரைக்கும் போகலாம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் ஆறு பேர் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

அப்போது என் புடவையை யாரோ இழுத்தார்கள். அவள்தான்.

"இன்னிக்கு வேணாம் மிஸ்."

"ஏன்? நீதானே நடந்தேன்னு சொன்னே?"

"அன்னிக்கு தண்ணி கீழ கெடந்துச்சு மிஸ். இப்ப ஏறிக்கினே கீது. எங்கம்மா காலைல சொன்னாங்க, இன்னிக்கோ நாளைக்கோ ஒடைச்சிக்கும்னு. யாரும் மேட்டுல நிக்கக் கூடாதுன்னாங்க."

நான் ஆற்றைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆற்றுத் தண்ணீர் மணல் மேட்டின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் ஏறத்தாழ மணலின் மட்டத்துக்கே மிதந்துகொண்டிருந்தது. மறுபக்கம் கடல் நன்றாகக் கீழே இருந்தது. பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி, அது வழியப் போகும் நேரத்தில் பார்ப்பது போல இருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்பாக இருந்தால் அவளிடம், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவள் சொன்னது சரி என்று ஆகியிருந்தது. ஆயாம்மாவிடம், "மத்தவங்கள எல்லாம் பின்னாடி கூட்டிட்டுப் போங்க, வீடு இருக்கிற பக்கமா!" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போன ஆறு பேரையும் பெயர் சொல்லிக் கத்தினேன். அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் பாதியையும் தாண்டிப் போய்க் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்பை உதறிவிட்டு ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில், புடவையில், ஈர மணலில் ஓடுவது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு முன்னால் அவள் ஓடினாள். "நீ வராதே!" என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

கிட்டே போனதும் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று தெரிந்தது. மேட்டின் நடுவில் தாழ்வான ஓர் இடத்தில் ஆற்றுத் தண்ணீர் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் போலக் கடல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. காலால் மணலைத் தள்ளி வாய்க்காலைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேருமே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள்.

"இந்தப் பக்கம் வாங்க! எல்லாரும் இந்தப் பக்கம்!"

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முதல் இரண்டு பேர் தாண்டிக் குதித்தார்கள். மூன்றாவது பிள்ளை குதிக்கும்போது வாய்க்காலின் ஓரம் அப்படியே பெயர்ந்து விழுந்தது. ஒரு சாணாக இருந்தது ஒரு முழமானது, கண்ணெதிரே. நான் ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்து, எதிர்ப்பக்கம் கையை நீட்டி, ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து இழுத்தேன். நான்கு. ஐந்து. தண்ணீர் கணுக்காலில் இருந்தது முழங்காலுக்கு வந்தது. காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டே போனது. அந்த உணர்வை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை. தரையை யாரோ கீழேயிருந்து இழுத்துக்கொள்வது போல இருந்தது.

ஆறாவது ஒரு சின்னப் பெண். பயத்தில் அழுதுகொண்டு பின்னால் நகர்ந்துகொண்டே போனாள். "வாம்மா, மிஸ் பிடிச்சுக்கறேன்" என்று எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. அப்போது என் பக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் சிறுமியின் குரல் கேட்டது.

"ஏய்! தண்ணியப் பாக்காதடி! என் மூஞ்சப் பாரு! என் மூஞ்சப் பாத்துகினே வா!"

அந்தச் சின்னப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டடி வந்தாள். நான் அவள் சட்டையைப் பிடித்து வாரி இழுத்தேன். இழுத்த வேகத்தில் என் இடது கால் சறுக்கியது. பின்னாலிருந்து என் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மணலில் குதிகாலை ஊன்றி, அந்த ஒன்பது வயதுச் சிறுமி சாய்ந்து நின்றாள். அந்த ஒரு நொடிப் பிடிதான். நான் முட்டி போட்டு மேலே ஏறிவிட்டேன். பிறகு எல்லோருமாக ஓடினோம். கரையில் ஆயாம்மா நின்ற இடத்துக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

நாங்கள் நின்ற இடம் இல்லை. அங்கே தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

பிள்ளைகளை எண்ணினேன். இருபத்தாறு. நம்பிக்கையில்லாமல் மறுபடியும் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். மூன்றாவது முறை எண்ணிக்கொண்டிருந்தபோது மீன் கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பெண் ஓடிவந்தார். சிறுமியின் அம்மா. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா மிஸ்ஸு இது! படிச்சவங்கதான நீங்க? இத்தினி கொயந்தைங்கள இட்டுனு வந்து எங்க நிக்க வெச்சிக்கிறீங்க? ஒரு வார்த்த யாரையாச்சும் கேக்கக் கூடாதா?"

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். ஈரப் புடவையைப் பிழிந்தபடி நின்றேன். அப்போது மகள் குறுக்கே வந்தாள்.

"அம்மா, மிஸ்ஸத் திட்டாத. நான் சொன்னதும் மிஸ் கேட்டுட்டாங்க. அவங்கதான் எல்லாரையும் தூக்குனாங்க."

'நான் சொன்னதும் கேட்டுட்டாங்க.' அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அங்கேதான் வந்தது. அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அட, இன்னா மிஸ்ஸு நீங்க. கொயந்தைங்க பாக்குது பாருங்க" என்று சொல்லித் தன் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டார். மீன் வாசம் அடித்தது. அவ்வளவு ஆறுதலாக என்னை யாரும் தொட்டு வெகு நாளாகியிருந்தது.

பிறகு அவரே எங்களை மேடான ஓர் இடத்தில் உட்கார வைத்தார். "வந்தது வந்துட்டீங்க. பாத்துட்டே போங்க. இது டெய்லி கெடைக்காது" என்றார்.

பார்த்தோம். வாய்க்கால் தெருவின் அகலமானது. இரண்டு பக்கமும் மணல் சுவர் சுவராக இடிந்து விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் பிள்ளைகள் "ஓ" என்றார்கள். நின்றுகொண்டிருந்த ஆறு மொத்தமாக நகர ஆரம்பித்தது. பழுப்புத் தண்ணீர் இரைச்சலோடு போய் அலையில் மோதியது. எங்கிருந்தோ கொக்குகளும் நாரைகளும் வந்து சூழ்ந்தன. குடியிருப்பு ஜனங்கள் எல்லாம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மா பிள்ளைகளுக்குச் சொன்னார்: வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து எப்படி ஆற்றின் வாயை அடைக்கிறது, சில வருடம் எப்படி மிஷின் வந்து வெட்டிவிட வேண்டியிருக்கிறது, சில வருடம் எப்படி மழையே உடைத்துக்கொள்கிறது, அடைத்துக்கொண்டால் எந்த மீன் குறையும், திறந்தால் எந்த மீன் உள்ளே வரும். "எங்க மாமியா சின்னப் பொண்ணா இருந்தப்ப வாய் இன்னும் அந்தாண்ட தள்ளி இருந்துச்சாம். அது ஒரு எடத்துல நிக்காது" என்றார். இருபத்தாறு பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நானும்தான்.

கிளம்பும்போது சிறுமி என் பக்கத்தில் வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு பழையபடி பேசினாள்.

"மிஸ், இப்ப கலந்துடுச்சு. இப்ப கேட்டீங்கன்னா புக்குல இருக்கறதையே எழுதலாம்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

பள்ளிக்குத் திரும்பியதும் நடந்ததையெல்லாம் தலைமை ஆசிரியையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "பெற்றோருக்கு நீங்களே சொல்லுங்க. அடுத்தவங்க வாயால அவங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார். மாலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். ஓர் அப்பா எல்லோர் முன்னாலும் என்னைக் கடுமையாகப் பேசினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அவர் பேசியதில் தப்பே இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அவளுடைய விடைத்தாளைக் கேட்டு வாங்கினேன். நான்காக மடித்தது மடித்தபடியே பையில் இருந்தது. சிவப்பு மையில் போட்ட பெருக்கல் குறியை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். "இந்தக் கேள்விக்குச் சரியா பதில் எழுதினது இவ ஒருத்திதான். நான்தான் தப்பா திருத்திட்டேன். அதோட உங்க முன்னாடி சிரிச்சேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்று வகுப்புக்கே சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான வாக்கியங்களை நான் சொன்னதில்லை. அவள் எழுந்து தாளை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிஸ், மொத்தத்துல கூட்டவே இல்ல" என்றாள். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள். அடுத்த கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் கை மேலே போய்விட்டது. பதில் என்னவோ தப்புதான்.

இப்போது வீடு மாறி, வேளச்சேரிப் பக்கம் வேறொரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். முழுக்க அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள். இவர்களுக்கு ஊரைப் பற்றி என்ன தெரிந்திருக்கும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. பாடம் தொடங்கும் நாளில் புத்தகத்தைத் திறக்காமல், "மழை வந்தா உங்க தெருவுல தண்ணி முதல்ல எங்க நிக்கும்? எந்தப் பக்கமா வடியும்?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி எழுந்து அவள் வீட்டு வாகன நிறுத்தத்தைச் சொன்னாள். இன்னொருவன் எந்தத் திருப்பத்தில் ஆட்டோ உள்ளே வராது என்று சொன்னான். மூன்றாவது பிள்ளை, அவர்கள் குடியிருப்புக் காவலாளி, கட்டடம் நிற்கும் இடத்தை இன்னும் ஏரி என்றுதான் சொல்கிறார் என்றது. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் நான் வரைந்தது, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வரைபடம். அதை வரைந்து முடித்துச் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டும்போது நினைத்துக்கொண்டேன்: ஒரு பிள்ளை தான் தினமும் நடக்கும் தரையைப் பற்றிச் சொல்லும்போது, அதைத் திருத்துவதற்கு முன்பு போய்ப் பார்த்துவிட்டு வருகிற பொறுமை இருந்தாலே போதும், பாதி ஆசிரியர் வேலை முடிந்துவிடுகிறது.